'பாப்பா' என்ற பெயரில் நின்றுபோன குடும்ப ஓய்வூதியம்

2023 பிப்ரவரியில் என் சித்தப்பா காலமானார். மதராஸ் சாப்பர்ஸ் என்று நாங்கள் சொல்லும் பொறியாளர் படையில் 1970இல் சேர்ந்து, 1987இல் நாயக் தரத்தில் ஓய்வு பெற்று, ஊருக்கு வந்து மூன்று ஏக்கர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நானும் அதே படையில் 1990இல் சேர்ந்து 2007இல் அதற்கு அடுத்த தரமான ஹவில்தாராக வெளியே வந்தேன். அந்தப் படையில் ஜவான்களைத் 'தம்பி' என்றே அழைப்பது வழக்கம் என்பதால், உறவில் எனக்குச் சித்தப்பாவான அவர் படைக் கணக்கில் எனக்கு மூத்த தம்பி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், சித்தி அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தார். கறுப்புப் பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்டில் எழுதிய படை எண்ணும் பெயரும் பாதி உதிர்ந்திருந்தன. உள்ளே கம்பளிச் சாக்ஸ், துணியில் முடிந்து வைத்த பதக்கங்கள், பழைய ராணுவக் கேன்டீன் அட்டை, அடியில் படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம், பாலித்தீன் உறையில் சுற்றியபடி. குடும்ப விவரப் பக்கத்தைப் புரட்டியபோது மனைவியின் பெயருக்கு நேராக 'பாப்பா' என்று இருந்தது. பிறந்த தேதிக்கு நேராக ஒன்றுமே இல்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பாப்பா உண்டு. அது கூப்பிடும் பெயர். சித்தியின் ஆதார், வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை எல்லாவற்றிலும் வேறொரு முழுப்பெயர் இருக்கிறது. 1976இல் திருமணம் முடிந்து விடுப்பிலிருந்து திரும்பிய சித்தப்பாவிடம் யூனிட் எழுத்தர் மனைவி பெயரைக் கேட்டிருக்கிறார். இவரும் நாக்கில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். திருமணம், குழந்தை பிறப்பு போன்றவை 'பார்ட் டூ ஆர்டர்' என்ற ஆணையாக வெளியிடப்பட்டுத்தான் ஆவணத்தில் ஏறும். அந்த ஆணையில் ஏறிய பெயர் பிறகு டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குப் போனது, அங்கிருந்து பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணைக்குப் போனது, கடைசியில் பாதுகாப்புத் துறை ஓய்வூதியங்கள் 'ஸ்பர்ஷ்' என்ற இணைய அமைப்புக்கு மாற்றப்பட்டபோது அங்கேயும் போய் உட்கார்ந்துகொண்டது. நாற்பத்தேழு ஆண்டுகள் யாரும் அதைப் பார்க்கவில்லை, ஏனென்றால் சித்தப்பா உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரை யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதில் தமிழர்களுக்கென்று ஒரு தனித் தொல்லை இருக்கிறது. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். திருமணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் கணவரின் எழுத்து. ஓர் ஆவணத்தில் எழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் விரித்து எழுதியது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயருக்கு நான்கு வகை எழுத்துக்கூட்டு வரும். ஊர்ப் பெரியவர்களிடம் இதையெல்லாம் சொன்னால், 'ஆள் ஒருத்திதானே, ஊருக்கே தெரியுமே' என்பார்கள். ஊருக்குத் தெரிவது கணினிக்குத் தெரியாது.

பெயர்ச் சிக்கலோடு நாங்களாகச் செய்த தவறு ஒன்றும் சேர்ந்துகொண்டது. துக்கத்திலும் காரியச் செலவுகளிலும் இருந்த நாங்கள் இறப்பை ஓய்வூதிய அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்கவில்லை. மார்ச், ஏப்ரல், மே என்று மூன்று மாதமும் சித்தப்பாவின் முழு ஓய்வூதியம் கூட்டுக் கணக்கில் வந்து விழுந்தது. தம்பி (சித்தப்பாவின் மகன்) ஏ.டி.எம். அட்டையைப் போட்டு எடுத்துச் செலவழித்தும் விட்டான். எனக்குத் தெரிய வந்தபோது வயிற்றைக் கலக்கியது. இறந்த தேதிக்குப் பிறகு வரும் ஓய்வூதியம் கடனுக்குச் சமம். எத்தனை மாதம் கழித்தாலும் திரும்பப் பிடிக்கப்படும். ஆகவே இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே ஸ்பர்ஷ் தளத்திலோ, பாதுகாப்பு ஓய்வூதியப் பட்டுவாடா அலுவலகத்திலோ, பொதுச் சேவை மையத்திலோ பதிவு செய்துவிட வேண்டும். முழு ஓய்வூதியம் நிற்கிறதே என்று யோசித்தால், குடும்ப ஓய்வூதியம் தொடங்குவதும் அந்தப் பதிவிலிருந்துதான்.

ஜூன் மாதம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குச் சித்தியை அழைத்துச் சென்றேன். படையிலிருந்து வந்த ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே பதிவு செய்துகொள்ள வேண்டிய இடம் அது. ஆனால் பலருக்குக் கேன்டீன் எங்கே இருக்கிறது என்று தெரிந்த அளவுக்கு இந்த அலுவலகம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அங்கிருந்த எழுத்தர், அவரும் முன்னாள் வான்படைக்காரர், புத்தகத்தைப் பார்த்தவுடன் சிரித்துவிட்டார். "அம்மா, இந்த வருஷத்தில் நீங்கள் நான்காவது பாப்பா" என்றார்.

அவர் சொன்னபடி நாங்கள் சேர்த்த தாள்களை இங்கே சொல்வது பிறருக்கு உதவலாம். இரண்டு பெயரும் ஒரே நபரைக் குறிக்கும் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கிய சான்று, நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம், ஆதார், பான், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும் பழைய புகைப்படம், இறப்புச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் புத்தகம் மற்றும் பி.பி.ஓ. நகல்கள். இவற்றை அலுவலகத்தின் முகப்புக் கடிதத்தோடு அந்தந்தப் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மதராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது நீலகிரி வெலிங்டனில், மதராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரில், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூரில், மின், இயந்திரப் பொறியாளர் பிரிவான ஈ.எம்.ஈ. என்றால் செகந்திராபாத்தில். அவர்கள் ஆவணத்தைத் திருத்திய பிறகுதான் திருத்திய பி.பி.ஓ. வரும்.

ஆகஸ்ட் மாதம் எங்கள் விண்ணப்பம் திரும்பி வந்தது. பிழை எங்களுடையதுதான்: உறுதிமொழிப் பத்திரத்தைத் தட்டச்சு செய்தவர் சித்தியின் பெயருக்கு அவர் அப்பாவின் தலைப்பெழுத்தைப் போட்டிருந்தார், ஆதாரில் கணவரின் எழுத்து இருந்தது. ஒரு பெயரைச் சரிசெய்யப் போய் மூன்றாவது பெயர் ஒன்றை உண்டாக்கி வைத்திருந்தோம். அதனால் முதலில் ஆதாரில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து, இடைவெளி முதற்கொண்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, மற்ற எல்லாத் தாளையும் அதற்கு ஒப்ப எழுதச் சொல்வதே சரியான வழி. மறுபடி அனுப்பி, 2024 ஜனவரியில் குடும்ப ஓய்வூதியம் நிலுவையோடு வந்தது. கூடுதலாக எடுத்திருந்த தொகை அந்த நிலுவையிலேயே பிடிக்கப்பட்டதால் கையிலிருந்து கட்ட வேண்டிய நிலை வரவில்லை. அதுவரை சித்தி நெல் விற்ற காசிலும் ஆடு விற்ற காசிலும்தான் இருந்தார்.

வந்த தொகையைப் பார்த்துத் தம்பிக்கு ஏமாற்றம். அப்பாவுக்கு வந்ததில் கொஞ்சம்தானே குறையும் என்று எண்ணியிருந்தான். ஓய்வு பெற்ற பின் ஒருவர் இறந்தால், ஏழு ஆண்டுகள் வரை, அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது நிறையும் நாள் வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரைதான் கூடுதல் விகிதத்தில் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். அதன்பின் ஊதியத்தில் 30 விழுக்காடு என்ற சாதாரண விகிதம். சித்தப்பா 72 வயதில் போனதால் சித்திக்குத் தொடக்கத்திலிருந்தே சாதாரண விகிதம்தான். அகவிலைப்படி உண்டு. இதை முன்கூட்டியே கணக்குப் போட்டு மனைவியிடம் சொல்லிவைக்கிற படைவீரரை நான் இதுவரை பார்த்ததில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை.

சித்தியின் வேலை முடிந்த செய்தி பரவியதும் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையைப் போலத் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர் என்றால் தெரிந்தவர் ஒருவர் தெருவுக்குத் தெரு இருப்பார். எங்கள் ஊரில் படைக்குப் போனவர்கள் மொத்தமே பதினோரு பேர். வந்தவர்களில் 83 வயதுப் பாட்டி ஒருவரின் நிலைதான் என்னை அதிகம் உறுத்தியது. ஓய்வூதியரோ குடும்ப ஓய்வூதியரோ 80 வயது நிறைந்தால் அடிப்படைத் தொகையில் 20 விழுக்காடு கூடும். 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயதில் நூறு விழுக்காடு. பாட்டிக்கு மூன்று ஆண்டுகளாக அது வரவே இல்லை. காரணம், சித்தியின் புத்தகத்தில் இருந்த அதே வெற்றிடம்: மனைவியின் பிறந்த தேதி ஆவணத்தில் இல்லை. தேதி தெரியாத ஒருவருக்கு எண்பது நிறைந்ததைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கும்? பாட்டியின் ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருந்தது. அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு ஜனவரி முதல் தேதிதான் பிறந்த நாள், அதைப் பற்றி வேடிக்கையாக எவ்வளவோ பேசலாம். ஆனால் அந்தத் தேதியைக் கொண்டுதான் திருத்தம் கேட்டோம், பான் அட்டையிலும் அதுவே இருந்ததால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நிலுவையும் வந்தது.

இன்னொருவர் என்னோடு ஒரே யூனிட்டில் இருந்தவர். அவருடைய மகன் அறிவுசார் மாற்றுத்திறனாளி, இருபத்தெட்டு வயது. பெற்றோர் இருவருக்கும் பிறகு அப்படிப்பட்ட பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெறும் உரிமை உண்டு, இ.சி.எச்.எஸ். எனப்படும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்திலும் மற்ற மகன்களுக்குரிய 25 வயது வரம்பு அவனுக்குக் கிடையாது. ஆனால் பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு அவன் பெயரை ஆவணத்தில் ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால், தனக்காக ஒரு கையெழுத்துக்கூடப் போட முடியாத ஒருவனுக்காக அவனுடைய அக்காளோ தங்கையோ அலுவலகம் அலுவலகமாக அலைய நேரும். நண்பர் இதை நாளை நாளை என்று எட்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டிருந்தார். கடந்த ஆண்டுதான் முடித்தார்.

மருத்துவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இ.சி.எச்.எஸ். 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. 1996க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குச் சந்தா இல்லை. இப்போது வெளிவருபவர்களில் ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000 என ஒரே முறை கட்டும் தொகை. முதலில் திட்டத்தின் வெளிநோயாளர் மையமான பாலிகிளினிக், அங்கிருந்து பரிந்துரைச் சீட்டு, பிறகு திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனை என்பது நடைமுறை. பட்டியல் அவ்வப்போது மாறும். போன வருடம் இருந்த மருத்துவமனை இந்த வருடம் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது.

சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது இரவு பதினொன்றரை மணிக்கு. பட்டியலில் உள்ள மருத்துவமனை அறுபது கிலோமீட்டர் தள்ளி; பட்டியலில் இல்லாத ஒன்று எட்டு கிலோமீட்டரில். அருகிலிருந்ததற்குக் கொண்டு போனோம், முன்பணம் கட்டினோம், அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். உயிருக்கு ஆபத்தான நிலையில் பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்குப் போனாலும் செலவைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டும். நல்லவேளையாக மறுநாள் காலை பத்து மணிக்கே நான் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். பில்களின் அசல், மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கம், அவசர நிலைக்கான மருத்துவரின் சான்று எல்லாம் கொடுத்த பின் திரும்பி வந்தது மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.க்கு அரசு நிர்ணயித்த விகிதத்தில்தான். நாங்கள் கட்டியதற்கும் வந்ததற்கும் இடைவெளி இருந்தது. முழுத் தொகையும் வரும் என்று எண்ணிக் கடன் வாங்குவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். கணவர் இறந்த பின் மனைவியை முதன்மை உறுப்பினராக மாற்றி அட்டை வாங்குவது தனி வேலை. ஓய்வூதியம் மாறினால் அட்டை தானாக மாறிவிடாது.

பிள்ளைகள் படிப்பில் நான் இழந்ததையும் சொல்லிவிடுகிறேன். பிரதமர் கல்வி உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள் 5,500 பேருக்கு, தொழிற்கல்விப் பட்டப் படிப்புகளுக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் குறைந்தது 60 விழுக்காடு வேண்டும், முதலாம் ஆண்டிலேயே விண்ணப்பித்தாக வேண்டும். என் மகள் 2016இல் பொறியியல் சேர்ந்தாள், மதிப்பெண்ணும் இருந்தது. திட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தபோது அவள் இரண்டாம் ஆண்டில் இருந்தாள். கேன்டீன் வரிசையில் முன்னால் நின்றவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. மகன் 2020இல் சேர்ந்தபோது விட்டுவிடவில்லை. மாதம் 2,500 ரூபாய் கணக்கில் படிப்பு முடியும்வரை வந்தது. மாணவியருக்கு அது 3,000. மகள் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

ஓய்வூதியமே இல்லாதவர்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பதினைந்து ஆண்டுப் பணி நிறைவதற்கு முன் குடும்பச் சூழலால் வெளியே வந்தவர்களுக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. 65 வயது நிறைந்த, ஹவில்தார் வரையிலான தரத்தில் இருந்த இத்தகையோருக்கும் அவர்களுடைய கைம்பெண்களுக்கும் முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு வறுமை நிவாரணம் வழங்குகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கப்படும் விண்ணப்பங்களுக்கு 8,000 ஆக்கப்பட்டது. அதே நாளிலிருந்து பிள்ளைகளின் கல்விக்கான தொகை மாதம் 1,000 என்பது 2,000 ஆகவும், மகள் திருமணத்துக்கான தொகை 50,000 என்பது ஒரு லட்சமாகவும் உயர்ந்தன. டிசம்பர் 7 கொடிநாளில் பள்ளிப்பிள்ளைகள் உண்டியல் குலுக்கிச் சேர்க்கும் நிதியிலிருந்துதான் இது வருகிறது என்பதால், வாங்குவதற்குக் கூச்சப்படும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒருவர், பதினோரு ஆண்டு பணியாற்றியவர், 'பிச்சையா வாங்கச் சொல்கிறாய்' என்று என்மேல் கோபப்பட்டார். அவருக்காக மக்கள் கொடுத்த காசு அது என்று புரியவைக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

வேலைவாய்ப்பைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. வெளியே வந்த புதிதில் டெக்ஸ்கோ எனப்படும் தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகத்தின் மூலம் இரண்டு ஆண்டு காவலராக இருந்தேன், பிறகு வங்கியில் ஆயுதக் காவலரானேன். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மத்திய அரசுப் பணியில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் நிலையான இடம் ஒன்றில் சேர்ந்துவிட்டால் அந்த ஒதுக்கீட்டுச் சலுகை பொதுவாக அதோடு முடிந்துவிடும். ஒப்பந்தப் பணிக்கு அந்தத் தடை இல்லை. அவசரப்பட்டுக் கிடைத்த முதல் இடத்தில் உட்கார்ந்து, நல்ல இடம் வந்தபோது கையைப் பிசைந்த நண்பர்கள் எனக்குண்டு. சொந்தத் தொழில் தொடங்க நினைப்போருக்கு மாநில அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் ஒரு கோடி ரூபாய் வரை கடனும், 30 விழுக்காடு மூலதன மானியமும் இருக்கின்றன.

சித்திக்கு வேலை ஆன பிறகு நான் என் ஸ்பர்ஷ் கணக்கைத் திறந்து பார்த்தேன். அதுவரை ஓய்வூதியச் சீட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டிருந்தவன், குடும்ப விவரத்தைப் பார்க்கவே இல்லை. மனைவியின் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. சின்ன மகனின் பெயரே இல்லை. பதிவு செய்திருந்த கைபேசி எண் நான் 2019இல் விட்டுவிட்ட எண். மூன்றையும் உயிரோடு இருக்கும்போதே திருத்தியதால் நான்கு வாரத்தில் முடிந்தது. ஏ.ஜி.ஐ. எனப்படும் ராணுவக் குழுக் காப்பீட்டின் நீட்டிப்புச் சான்றிதழையும் தேடி எடுத்து, அது எந்த வயது வரை செல்லும் என்பதை மனைவிக்குப் படித்துக் காட்டி, பீரோவில் நகைப் பெட்டிக்குக் கீழே வைத்தேன். தன் கையெழுத்தில் என் படை எண்ணை ஒரு தாளில் எழுதி அதன்மேல் ஒட்டிவைத்தாள். 'இதுவரைக்கும் இது எனக்குத் தெரியாது' என்றாள்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் சித்தியின் உயிர்வாழ்வுச் சான்றை நான்தான் எடுக்கிறேன். முதல் ஆண்டு தபால்காரர் வீட்டுக்கே வந்தார், எழுபது ரூபாய் கட்டணம். நாற்று நட்டும் களை பறித்தும் தேய்ந்த விரல்கள். ஆறு முறை வைத்தும் ரேகை விழவில்லை. மறு ஆண்டு கைபேசிச் செயலியில் முகத்தைக் காட்டி எடுத்தோம். அதில் ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு என்று கேட்கும் இடத்தில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சான்று ஸ்பர்ஷுக்குப் போய்ச் சேராது, 'ஸ்பர்ஷ், பி.சி.டி.ஏ. பென்ஷன்ஸ், அலகாபாத்' என்ற பாதுகாப்பு ஓய்வூதியத் தலைமை அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிச்சம் முகத்தில் விழும்படி திண்ணையில் உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, கண்ணைச் சிமிட்டச் சொன்னேன். மூன்றாம் தடவையில் பச்சைக் குறி வந்தது. திரையில் தெரிந்த முழுப்பெயரை எழுத்துக் கூட்டிப் படித்த சித்தி, அதை ஒரு தாளில் அச்செடுத்து வரச் சொன்னார். அந்தத் தாள் இப்போது டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு இருக்கிறது.